குட்டிக்கு ஓர் அறை

பேர்தான் குட்டி. ஆள் வாசல்நிலையில் தலை இடிக்கிற உயரம். குறைமாதத்தில், உள்ளங்கையில் அடங்குகிற மாதிரிப் பிறந்ததால் அம்மா அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். முப்பது வயது தாண்டி, தாடியில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அந்தப் பேர் மாறவில்லை. குட்டிக்குப் பேச்சு வராது. பசித்தால் தட்டை எடுத்துவந்து முன்னால் வைப்பான். கோபம் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். சந்தோஷமாக இருந்தால் அக்காவின் புறங்கையை முகர்ந்து பார்ப்பான். பகலில் அவனால் ஓர் ஈ எறும்புக்குக்கூடத் தொந்தரவு கிடையாது. பொழுது சாய்ந்து தெரு அடங்கும்போதுதான் வினை தொடங்கும். அடிவயிற்றிலிருந்து ஓர் அலறல் கிளம்பும். முதல்முறை கேட்பவர்கள் யாரையோ வெட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். கட்டிப் பிடித்தாலும் நிற்காது, கெஞ்சினாலும் நிற்காது. தொண்டை கட்டி, குரல் காற்றாகப் போன பிறகுதான் தூங்குவான்.

அம்மாவின் வீடு ஊருக்கு வெளியே தன்னந்தனியாக நின்றது. அங்கே அவன் அலறினால் காக்கைதான் எழுந்து பறக்கும். அம்மா போன பிறகு அக்கா அவனைத் தன்னோடு அழைத்துவந்தாள். அவள் இருந்தது வரிசை வீடு. ஒரு வீட்டில் தாளித்தால் மூன்றாவது வீட்டில் தும்முவார்கள். அங்கே குட்டியின் சத்தத்தை எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது? பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு சுவரைத் தட்டினார்கள், அப்புறம் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். வீட்டு உரிமையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, உட்காராமலேயே சொன்னார். "ஒண்ணு அவனுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்ல, எல்லாருமா வேற வீடு பாத்துக்கோங்க."

அக்காவுக்கு ஏற்றுமதி உடுப்புக் கம்பெனியில் வேலை. தைத்து வரும் சட்டைகளின் பட்டன்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, பிய்ந்து வருவதை ஒதுக்க வேண்டும். ஒரே மகள் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் வீட்டுக்காரர் சரக்கு வேன் ஓட்டுபவர், நல்ல மனிதர். குட்டியை ஒரு தடவைகூட 'உன் தம்பி' என்று பிரித்துச் சொன்னதில்லை. ஆனால் ஒரு நாள் வேனின் பக்கவாட்டு முழுவதும் கீறலோடு வந்து நிறுத்திவிட்டு, இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"கண்ணு சொருகிடுச்சு. சுவத்துல உரசினதோட போச்சு. தூங்காம எத்தனை நாள்தான் வண்டி ஓட்டுறது? ஒரு நாள் யாரையாவது ஏத்திக் கொன்னுடுவேன்" என்றார்.

அக்கா மறுநாள் வேலை முடிந்து வரும்போது தெரிந்தவர்களிடம் எல்லாம் விசாரிக்க ஆரம்பித்தாள். அப்படித்தான் தூரத்து நகரம் ஒன்றில் குட்டியைப் போன்றவர்களுக்கான காப்பகம் இருப்பது தெரிய வந்தது. கட்டணம் வாங்குவதில்லை. ஓர் இடம் காலியாக இருந்தது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். தினமும் காலையில் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் அழைத்துப் போக வேண்டும். ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் எங்கே தங்குவது என்று அவள் தொலைபேசியில் கேட்டபோது, எதிர்முனையில் இருந்த பெண், "பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறைய லாட்ஜ் இருக்கும்மா" என்று மட்டும் சொன்னாள்.

இருந்தன. பேருந்து நிலையத்தைச் சுற்றி லாட்ஜுகள் தோளோடு தோள் உரசி நின்றன. முதல் இரண்டில் வரவேற்பு மேசையைத் தாண்டவே முடியவில்லை.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி."

"அட்டையில ரெண்டு பேருக்கும் வேற வேற அட்ரஸ் இருக்கே?"

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அவனோடது அம்மா வீட்டு அட்ரஸ்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்றான் மேசைக்குப் பின்னால் இருந்தவன், குட்டியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டே. அவள் காது சுட்டது. குட்டி மேசைமேல் கிடந்த மணியை ஒரு தட்டுத் தட்டி, அது டிங் என்றதும் அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

பெண்கள் விடுதி ஒன்று இருந்தது. வாடகை மிகக் குறைவு. வாசலிலேயே, "லேடீஸ் மட்டும்தான், கூட வர்ற ஜென்ட்ஸ் கேட்டைத் தாண்டக் கூடாது" என்றார்கள். எதிரே ஆண்களுக்கான பொது அறை. வரிசையாகக் கட்டில் போட்டது, அதைவிடக் குறைவு. அங்கே அவள் தாண்டக் கூடாது. தெருவுக்கு இந்தப் பக்கம் அக்காவும் அந்தப் பக்கம் தம்பியும் படுத்துக்கொள்ளலாம் என்றால் அவ்வளவு மலிவாகத் தங்க உலகத்தில் வேறு இடமே கிடைக்காது.

மூன்றாவது லாட்ஜில் இடம் கொடுத்தார்கள். மேலாளர் வயதானவர், காதில் பென்சில் செருகியிருந்தார். குட்டியைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "என் அண்ணன் பையன்கூட இப்படித்தாம்மா" என்று சொல்லி, வாடகையில் கொஞ்சம் குறைத்தும் கொடுத்தார். இரண்டு கட்டில், ஒரு முக்காலி, ஈரம் பூத்த சுவர், ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் குழாய்கள். அக்காவுக்கு அது அரண்மனையாகத் தெரிந்தது. குட்டிக்கு முகம் கழுவிவிட்டு, பன்னும் பாலும் கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கியது.

அவள் கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில் போர்வையைத் திணித்தாள். ஜன்னலை மூடினாள். தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தாள். குட்டி அலறத் தொடங்கியதும் அவன் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டு, "போதுண்டா தங்கம், போதுண்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முதலில் சுவரில் தட்டினார்கள். பிறகு கதவில். திறந்தபோது வெளியே நாலைந்து பேர். ஒருவர் கழுத்து டையைத் தளர்த்தியபடி நின்றார், மருந்துக் கம்பெனி விற்பனையாளர் போலிருந்தது.

"உள்ள என்ன நடக்குது? யாரை அடிக்கிறீங்க?"

"யாரையும் அடிக்கல சார். அவனுக்கு உடம்பு சரியில்ல."

"உடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாங்க காசு குடுத்து வந்திருக்கோம். காலையில எனக்கு மீட்டிங் இருக்கு."

மேலாளர் படியேறி வந்து அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். விடிந்ததும் அவரே வந்தார். கையில் அவள் கொடுத்த பணம் முழுவதும் இருந்தது.

"எடுத்துக்கோம்மா. ஒரு நாள் வாடகைகூட வேண்டாம். ஆனா இன்னிக்கு ஒரு நாளும் என்னால முடியாது. மூணு ரூம் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. நான் முதலாளி இல்லம்மா, எனக்கும் மேல ஒருத்தர் இருக்காரு."

திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். பணத்தை வாங்கி, எண்ணாமலேயே பையில் போட்டுக்கொண்டாள்.

காப்பகம் நகரத்தின் விளிம்பில் இருந்தது. உயர்ந்த சுவர், உள்ளே வரிசையாக மரங்கள், சருகு விழுந்தால் கேட்கும் அமைதி. பொறுப்பாளர் கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசும் பெண்மணி. குட்டியின் சிவந்த கண்களையும் கட்டிப்போன தொண்டையையும் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னார். "இங்க இருக்கறவங்க எல்லாருமே சின்னச் சத்தத்துக்கும் பயப்படறவங்க. ஒருத்தர் ராத்திரியெல்லாம் கத்தினா மத்த முப்பது பேரும் கெட்டுப் போயிடுவாங்க. அதனாலதான் பாத்துச் சேக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கல மேடம்" என்றாள் அக்கா. வெளியே வந்து, சுவரோரம் நின்று அழுதாள். எந்தச் சத்தத்துக்காக வீடு போகிறதோ, எந்தச் சத்தத்துக்காக லாட்ஜ் போனதோ, அதே சத்தத்துக்காக இந்த இடமும் போகப்போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அன்று பகலெல்லாம் அறை தேடினாள். காலில் போட்டிருந்த செருப்பு அறுந்தது. அதில் ஊக்கு குத்திக்கொண்டு நடந்தாள். கைபேசியில் தேடியபோது, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஓர் அறை வந்தது. படத்தில் பூத்தொட்டி, வெள்ளைத் திரை. தொலைபேசியில் பேசிய பெண் முதலிலேயே கேட்டாள். "சத்தம் போடாத ஃபேமிலிதானே? எங்க அசோசியேஷன்ல ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

"ரெண்டே பேருங்க. இருக்கிற இடம் தெரியாம இருப்போம்" என்றாள் அக்கா. சொன்ன வாய் கசந்தது.

சாயங்காலம் குட்டியைக் காப்பகத்திலிருந்து அங்கே அழைத்துப்போனாள். பொழுது சாய்ந்து விளக்குகள் எரியத் தொடங்கியபோதே விஷயம் வெளியே வந்துவிட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளர், காவலாளி, மேல்மாடியிலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் எனக் கூட்டமே கூடிவிட்டது. அந்தக் கைக்குழந்தையும் குட்டிக்குச் சரிசமமாகக் கத்திக்கொண்டிருந்தது. அதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அறைக்காரப் பெண் படபடப்போடு ஓடிவந்து, "பொய் சொல்லிட்டீங்களேக்கா. என் வீட்டுக்குச் சங்கத்துல தடை போட்டா நான் எங்க போவேன்?" என்று அழமாட்டாத குறையாகக் கேட்டாள். அக்காவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பையை எடுத்து, குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். குட்டி அலறிக்கொண்டே, ஒவ்வொரு படியாகக் கவனமாகக் கால் வைத்து இறங்கினான்.

வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. ஓட்டுநர், வெற்றிலைக் கறை படிந்த பல்லோடு, இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா போகணும்?"

"தெரியலண்ணே" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே உறைத்தது. "இவன் கத்துவான். எந்த லாட்ஜுலயும் வெச்சுக்க மாட்டேங்கறாங்க. காசும் அதிகமில்ல."

ஓட்டுநர் குட்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க. ஒரு இடம் இருக்கு. ஆனா மனுஷன் தங்குற இடம் இல்ல. பாத்துட்டு என்னைத் திட்டக் கூடாது."

அவர் கொண்டுபோய் நிறுத்தியது ஓர் ஐஸ் பாக்டரி வாசலில். தெருமுனையிலேயே சத்தம் தொடங்கிவிட்டது. உள்ளே யானை உயரத்துக்குக் கம்ப்ரஸர் இரண்டு, இரவு பகல் நிற்காமல் தடக் தடக்கென்று ஓடிக்கொண்டிருந்தன. காற்றில் மூக்கைக் குத்தும் அமோனியா வாடை. சவப்பெட்டி நீளத்துக்கு ஐஸ் பாளங்களை ஆட்கள் கொக்கி போட்டு இழுத்து லாரியில் ஏற்றினார்கள். மெஷின்களுக்கு நேர் மேலே மூன்று அறைகள். ஐஸ் ஏற்ற வரும் லாரி ஓட்டுநர்களுக்காகக் கட்டியவை. ஓட்டுநர்களோ ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டு, அதைவிட லாரிக்கு அடியில் படுப்பதே மேல் என்று போய்விட்டார்கள்.

சூப்பர்வைசர் குள்ளமான மனிதர். வருடக்கணக்கில் மெஷினோடு போட்டி போட்டுப் பேசியதில் அவருக்கு இயல்பாகப் பேசுவதே மறந்துபோயிருந்தது. பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேசுவார்.

"தம்பி கத்துவாரா?" என்று கத்தினார். "கத்தட்டும்மா! தாராளமா கத்தட்டும்! இங்க இடி விழணும்னாக்கூட மெஷின்கிட்ட பர்மிஷன் கேட்டுட்டுத்தான் விழணும்! வாடகை என்னம்மா வாடகை, இருக்கறதைக் குடுங்க! ரெண்டாவது நாள் யாரும் இருந்ததில்ல இங்க!"

அறையில் நுழைந்தபோது அவள் உள்ளங்கால் கூசியது. தரை அதிர்ந்தது. சுவர் அதிர்ந்தது. ஜன்னல் கம்பிகள் சலசலத்தன. மேசையில் வைத்த தண்ணீர் டம்ளர் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. 'ஐயோ, இவனுக்குப் பித்து முற்றிவிடும்' என்று பயந்து குட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் அலறலை நிறுத்தியிருந்தான்.

அறை நடுவில் நின்று, எதையோ நினைவுபடுத்திக்கொள்வதுபோல் தலையைச் சாய்த்தான். பிறகு சுவரருகே போய் உள்ளங்கை இரண்டையும் அதில் பதித்தான். கன்னத்தை வைத்தான். அப்படியே சரிந்து, தரையில் குப்புறப் படுத்து, காதைத் தரையோடு ஒட்டிக்கொண்டான். அக்கா பையைக்கூடக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் வாய் லேசாகத் திறந்தது. மூச்சு சீரானது. குட்டி தூங்கிவிட்டான்.

அவன் தொண்டை கட்டாமல் தூங்கி அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையையும் தரையில் வைத்துப் பார்த்தாள். மெஷினின் துடிப்பு எலும்புவரை ஏறியது. ஊர் அடங்கும்போது அவனுக்குள் எது அவிழ்ந்துபோகிறதோ, அதை இந்தத் துடிப்பு இழுத்துக் கட்டி வைத்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அமைதியைக் கண்டுதான் அவன் இத்தனை வருடம் பயந்தானா? அவனை அடக்குவதற்காக வீட்டில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு, கதவை மூடிக்கொண்டு, மேலும் மேலும் அமைதி ஆக்கினார்களே!

அந்த வாரத்தின் மிச்ச நாட்கள் அவர்கள் இருவரும் வாழ்ந்த நாட்கள். காலையில் குட்டி தானாக எழுந்து தட்டை எடுத்துவந்தான். இரண்டு பங்கு சாப்பிட்டான். ஐஸ் ஏற்றுகிறவர்கள் அவனுக்கு உடைந்த ஐஸ் துண்டுகளைக் கொடுத்தார்கள். அதை நெற்றியில் வைத்துக்கொண்டு, நீர் வழிய வழியச் சிரித்தான். அவளும் தூங்கினாள். அந்த இரைச்சலுக்கு நடுவே, அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். அம்மாவுக்கும் இப்படி ஒரு தூக்கம் ஒரு நாளாவது கிடைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளோ என்று எழும்போது நினைத்துக்கொண்டாள்.

காப்பகத்திலும் மாற்றத்தைக் கவனித்தார்கள். பொறுப்பாளர் முகம் மலர்ந்து சொன்னார். "முதல் நாள் பாத்தப்போ முடியாதுன்னுதான் நினைச்சேன். இப்ப எவ்வளவு சாந்தமா இருக்காரு! இடம் பழகிடுச்சு. நாங்க எடுத்துக்கறோம்மா."

அக்கா ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவளால் முடியவில்லை.

"மேடம், அது இந்த இடத்தால இல்ல. நாங்க தங்கியிருக்கற இடத்துல பெரிய மெஷின் ஓடுது. அந்த அதிர்வுலதான் தூங்கறான். அமைதியா இருந்தா அலறுவான். அவன் ரூம்ல ஏதாவது மோட்டார் மாதிரி..."

பொறுப்பாளர் அவள் தோளைத் தொட்டார். "தாயா இருந்து வளக்கறவங்களுக்கு இப்படித்தான் ஏதாவது தோணும். விடறதுக்கு மனசு வராது. இந்த நோய்க்கு அமைதிதான் மருந்தும்மா. முதல்ல கொஞ்ச நாள் கத்துவாங்க. எங்ககிட்ட டாக்டர் இருக்காரு, மாத்திரை இருக்கு. பழகிடும்."

"மாத்திரையா?"

"தூங்கறதுக்குத்தான். பயப்படாதீங்க. நாளைக்குக் காலையில சாமானோட கூட்டிட்டு வந்துடுங்க."

அன்று சாயங்காலம் அவள் கைபேசியைத் தரையில் வைத்து மெஷின் சத்தத்தைப் பதிவு செய்தாள். மெஷின் சத்தம் எட்டாத தூரத்துக்குக் குட்டியை அழைத்துப்போய் அதை ஓடவிட்டு, அவன் காதருகே பிடித்தாள். குட்டி கைபேசியை வாங்கி முகர்ந்து பார்த்தான். அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, பாக்டரி இருந்த திசைக்கு அவளை இழுத்தான்.

வீட்டுக்காரருக்குத் தொலைபேசினாள். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். "அவன் கத்தாமலே தூங்கறாங்க. நாலு நாளா. நான் கண்ணால பாத்தேன். நம்ம ஊர்லயும் ஏதாவது மில்லு, பாக்டரி பக்கம் வீடு பாத்தா..."

மறுமுனையில் வேனின் எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது.

"நம்ம ஊர்ல ராத்திரியெல்லாம் ஓடற மில்லு எது இருக்கு சொல்லு. அப்படியே இருந்தாலும், மாடியில நீயும் நானும் படுத்துக்கலாம். பொண்ணு அங்க உக்காந்து எப்படிப் படிக்கும்? இந்த வருஷம் அவளுக்கு எவ்வளவு முக்கியம்னு உனக்குத் தெரியாதா?" குரல் தணிந்தது. "நான் வேண்டாம்னு சொல்லல. நீ கூட்டிட்டு வந்தா நான் கதவைச் சாத்த மாட்டேன். நீயே முடிவு பண்ணு."

அவர் சண்டை போட்டிருந்தால் அவள் தம்பி பக்கம் நின்றிருப்பாள். முடிவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். தலைக்கு மேல் தூக்க முடியாத பாறையை, 'உனக்குத்தான், வைத்துக்கொள்' என்று கொடுத்த மாதிரி இருந்தது.

கீழே போய் சூப்பர்வைசரைப் பார்த்தாள். இந்த அறையை மாதக்கணக்கில் கொடுப்பார்களா, தனக்கு இங்கே ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டாள். அவர் முதல்முறையாகக் கத்தாமல் பேசினார்; அதனால் அவள் அவர் வாயருகே குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"வேலை இருக்கும்மா. பாளம் உருகாம இருக்க உமி தூவுற வேலை. கை விறைச்சுப் போகும், ஆனா பழகிக்கலாம். ஆனா இந்த மெஷின் இன்னும் எத்தனை மாசம் ஓடும்னு எனக்கே தெரியாது. முதலாளி எடத்தை விக்கப் பேசிட்டிருக்காரு. உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு."

அவர் கொக்கியை எடுத்துக்கொண்டு லாரிப் பக்கம் போய்விட்டார்.

அவள் மாடிக்கு வந்தாள். குட்டி சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அவள் புறங்கையை இழுத்து முகர்ந்து பார்த்தான். அவள் மகளை நினைத்தாள். மகள் காதில் பஞ்சடைத்துக்கொண்டு, பாடப் புத்தகத்தின்மேல் தலை கவிழ்ந்து தூங்கியது கண்முன் நின்றது. வேனின் பக்கவாட்டில் இருந்த கீறலும் நின்றது. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் அடிபட்டுக் கிடந்தார்.

மறுநாள் காலை குட்டி ஆட்டோவில் குஷியாக ஏறினான். தினமும் போய்த் திரும்பும் இடம்தானே என்று அவன் நினைத்திருக்க வேண்டும். காப்பகத்தில் ஓர் அலுவலர் நீட்டிய தாளில், அவர் காட்டிய இடத்திலெல்லாம் அக்கா கையெழுத்துப் போட்டாள். குட்டிக்குக் காட்டிய அறை சுத்தமாக, காற்றோட்டமாக இருந்தது. ஐஸ் பாக்டரி மாடியைவிட நூறு மடங்கு நல்ல அறை. அவன் நேராகப் போய் உள்ளங்கையைச் சுவரில் வைத்தான். கன்னத்தை வைத்தான். இன்னொரு சுவருக்குப் போனான். அங்கேயும் வைத்துப் பார்த்தான். பிறகு தரையில் படுத்துக் காதை வைத்தான். கடைசியில் எழுந்து, அக்காவைப் பார்த்தான். அவள் அவன் சட்டைப் பட்டனை இழுத்துப் பார்த்தாள்.

"பேசாம கிளம்பிடுங்கம்மா. நின்னா ரெண்டு பேருக்குமே கஷ்டம்" என்றார் உதவியாளர்.

அவள் கிளம்பினாள். வாசல் கதவு சாத்தும்போது அலறல் கேட்கவில்லை. அது பகல் நேரம். அவன் சாயங்காலம்வரை அவளுக்காகக் காத்திருப்பான், வழக்கம்போல அழைத்துப்போக வருவாள் என்று.  பேருந்தில் ஊர் போய்ச் சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள். பக்கத்து இருக்கைக்காரர் அவளுக்குக் காது வலி என்று நினைத்து, பஞ்சு வேண்டுமா என்று கேட்டார்.

முதல் இரண்டு மாதம் யாரும் பார்க்க வரக் கூடாது என்பது காப்பகத்தின் விதி. வீட்டில் எல்லாரும் தூங்கினார்கள். மகளுக்கு மதிப்பெண் ஏறியது. பக்கத்து வீட்டுப் பெண் மறுபடி பேச ஆரம்பித்து, "எப்படிக்கா இருக்கான் குட்டி?" என்று கேட்டாள். அக்கா மட்டும் விழித்துக்கொண்டு கிடந்தாள்.

மூன்றாம் மாதம் அவளும் வீட்டுக்காரரும் சேர்ந்து போனார்கள். மரத்தடி பெஞ்சில் குட்டியை உட்கார வைத்திருந்தார்கள். முகம் மழித்து, சட்டை பளிச்சென்று இருந்தது. கன்னம் உப்பியிருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. வாயோரத்தில் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது.

"கண்ணு, அக்கா வந்திருக்கேன் பாரு" என்று புறங்கையை அவன் மூக்கருகே கொண்டுபோனாள். அவன் முகரவில்லை. கொண்டுவந்த பிஸ்கட்டைக் கையில் வைத்ததும் மெதுவாகத் தின்றான். தின்று முடித்ததும் வெறும் கையையே கொஞ்ச நேரம் மென்றான்.

"இப்பல்லாம் சத்தமே போடறதில்ல" என்றார் பொறுப்பாளர். அவர் குரலில் பெருமை இருந்தது. பொய்ப் பெருமை இல்லை, உண்மையாகவே உழைத்தவரின் பெருமை. "நான் சொன்னேன்ல, பழகிடும்னு."

வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அன்று பார்த்தாள்.

மறுநாளும் பார்க்கலாம் என்று அனுமதி இருந்ததால் தங்குவதற்கு இடம் தேடினார்கள். தேடவே வேண்டியிருக்கவில்லை. கண்ணில் பட்ட முதல் லாட்ஜில் நுழைந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்து, சாவியை நீட்டிவிட்டாள். யாருக்கு யார் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. வாடகையும் கட்டுப்படியாகிற வாடகைதான். வெளுத்த விரிப்பு, மூடினால் தெருச் சத்தம் உள்ளே வராத கண்ணாடி ஜன்னல்.

வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி மாட்டினார். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அறை அமைதியாக இருந்தது. பக்கத்து அறையில் யாரோ குழாயை மூடியதும், அதுவரை ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தமும் நின்றது.

"என்னால இங்க இருக்க முடியாதுங்க" என்றாள்.

அவர் சட்டையை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார், பையைத் தூக்கினார். கீழே சாவியை வாங்கிய பெண், "ரூம்ல ஏதாவது குறையா மேடம்? வேற ரூம் தரட்டுமா?" என்று பதறினாள்.

"குறை ஒண்ணுமில்லம்மா" என்றார் அவர்.

அதன் பிறகு அக்கா மாதம் ஒருமுறை தனியாகப் போய்வருகிறாள். விடிவதற்கு முன் கிளம்பும் பேருந்தில் போய், அவனுக்கு ஊட்டிவிட்டு, நகம் வெட்டிவிட்டு, மதியப் பேருந்திலேயே திரும்பிவிடுகிறாள். அந்த நகரத்தில் அவள் பிறகு ஒரு நாளும் தங்கவில்லை.